கண்ணாடிக்கு அப்பால் ஒரு முழம்

கடலுக்கு அடியில் தள்ளி நின்று படம் எடுக்க முடியாது. மற்ற எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகின்றன. காட்டில் புலியைப் படமெடுப்பவர் ஜீப்பை விட்டு இறங்காமல், நீண்ட லென்ஸைப் பொருத்திக்கொண்டு, புலி திரும்பிக்கூடப் பார்க்காத தூரத்திலிருந்து அதன் மீசைமுடியைப் பதிவு செய்துவிடலாம். பறவைகளைப் படமெடுப்பவர்கள் மறைப்புக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்; எதிரே கூட்டில் இருக்கும் பறவைக்கு அங்கே ஓர் ஆள் இருப்பதே தெரியாது. நீருக்குள் இந்த இரண்டு வழியும் அடைபட்டுவிடுகின்றன. காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்தது நீர். அதில் மண்துகள், மிதவை உயிர்கள், பவளங்கள் கழித்த சளி என்று எப்போதும் ஏதாவது மிதந்துகொண்டிருக்கும். அடி தெரிகிறது என்று படகுக்காரர்கள் மெச்சும் நாளிலும், ஐந்தாறு மீட்டர் தள்ளி நிற்கும் மீன் படத்தில் நீலம் படிந்த சாம்பல் நிழலாகத்தான் விழும். ஃபிளாஷ் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், அந்த ஒளி போகும்போதும் மீனில் பட்டுத் திரும்பும்போதும் அதே நீரைக் கடந்தாக வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் அதற்குத் தெம்பு கிடையாது. மீறிப் போட்டால் மார்கழிப் பனியில் லாரி விளக்கைப் போட்ட கதைதான்: இடையில் மிதக்கும் துகள்கள் ஒளிர்ந்து மீனை மூடிவிடும். ஆகவே கடலடியில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் முதல் நாளே ஒன்றைச் சொல்வார்கள். கிட்டே போ, போதும் என்று தோன்றும்போது இன்னும் கொஞ்சம் கிட்டே போ.

கேட்பதற்கு இது கைத்தொழில் பாடம். ஆனால் தெளிவான கடலடிப் படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தால், அதில் இருக்கும் உயிர் படமெடுத்தவரை முன்பே பார்த்துவிட்டது என்பது உறைக்கும். குமிழிகளின் இரைச்சலை அது கேட்டிருக்கிறது. துடுப்பு கிளப்பிய நீரசைவை, மீனாக இருந்தால், உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்வுக்கோட்டால் அறிந்திருக்கிறது. அந்த ஆள் கண்ணாடியை நீட்டிக்கொண்டு ஒரு முழத்துக்குள் வந்தபோது ஏதோ ஒரு காரணத்தால் விலகிப் போகவில்லை. விலக வேண்டாம் என்று இருந்ததா, விலக வழியில்லாமல் இருந்ததா? நிறம், கூர்மை, அமைப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு படத்தைப் பார்த்து நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். இந்தக் கலையின் நன்மை தீமைகள் எல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன என்று நம்புகிறேன். அதன் வரலாறும் இந்தப் பக்கமிருந்து பார்க்கும்போதுதான் எனக்குப் புரிகிறது.

பிரான்சின் தென்கோடியில் ஸ்பெயின் எல்லையை ஒட்டி பனியூல்ஸ்-சுர்-மேர் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்குள்ள அராகோ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய உயிரியலாளர் லூயி பூத்தான், 1893இல் தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்து, மேலிருந்து குழாய்வழி காற்று வர, கடலடியில் நின்று படம் எடுத்தார். நீர் புகாத கேமராப் பெட்டியை வடிவமைத்தவர் அவருடைய சகோதரர் ஒகுஸ்த். அந்தக் காலத்துத் தட்டுகளுக்கு அந்த மங்கிய வெளிச்சம் போதவில்லை; சில படங்களுக்கு அரைமணி நேரம்வரை லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அப்படித் திறந்திருந்த தட்டில் பாறை பதியும், ஊன்றி நிற்கும் பாசி ஒருவாறு பதியும். குறுக்கே நீந்திப்போன மீன் பதிய வழியே இல்லை. மீனைப் பிடிக்க நொடியில் வெட்டும் வெளிச்சம் வேண்டும். ஆக்சிஜன் நிரப்பிய பீப்பாய்மேல் ஒரு சாராய விளக்கை எரியவிட்டு, அந்தச் சுடரில் ரப்பர் பந்தை அமுக்கி மக்னீசியப் பொடியை ஊதும் ஏற்பாடு ஒன்றையும் அவர்கள் செய்து பார்த்தார்கள். 1900இல் பூத்தான் இந்த அனுபவங்களை ஒரு நூலாகவே எழுதினார். அந்த நீண்ட அரைமணி நேரப் படங்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கடலடியில் ஒரு மனிதர் அசையாமல் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார் என்பதே போதுமானதாக இருக்கிறது.

வெளிச்சம் கைக்கு வந்ததும் அவசரமும் கூடவே வந்தது. 1926இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா முனைக்கு அப்பாலுள்ள டிரை டார்ட்டூகஸ் தீவுகளில், வில்லியம் லாங்லி என்ற மீனியலாளரும் நேஷனல் ஜியாகரஃபிக் இதழின் சார்ல்ஸ் மார்ட்டினும் கடலடியின் முதல் வண்ணப் படங்களை எடுத்தார்கள். ஒரு மிதவையில் மக்னீசியப் பொடியைக் குவித்து, கீழே கேமரா திறக்கும் அதே நொடியில் மேலே அது வெடித்து எரியும்படி இணைத்திருந்தார்கள். கடல்மேல் பகலைவிடப் பெரிய பகல் ஒன்று ஒரு கணம் பிறந்து அணையும். பொடி தவறி வெடித்து லாங்லிக்குத் தீக்காயம் பட்டதும் உண்டு. 1927 ஜனவரி இதழில் அந்தப் படங்கள் வெளிவந்தன. லாங்லி வெறும் காட்சிக்காக இதைச் செய்யவில்லை. பவளப்பாறை மீன்களின் நிறம் எதற்காக என்பது அவருடைய ஆய்வுப் பொருள். நிறத்தைப் பற்றிக் கேட்டவர் நிறத்தைப் பதிவு செய்யும் முதல் ஆளாகவும் ஆனார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

1943இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய அக்வாலங் என்ற மூச்சுக்கருவி, குழாயிலிருந்து மனிதரை விடுவித்தது. 1956இல் கூஸ்தோவும் லூயி மாலும் சேர்ந்து இயக்கிய ‘அமைதியான உலகம்’ திரைப்படம் கான் விழாவின் உயரிய பரிசான பொன் ஓலையை வென்றது. உலகத்தில் எத்தனையோ பேர் கடலுக்குள் இறங்க ஆசைப்பட்டது அந்தப் படத்தால்தான். அதே படத்தில் ஒரு பவளப்பாறையில் வெடி வைத்து, செத்து மிதக்கும் மீன்களைக் கணக்கெடுக்கும் காட்சி இருக்கிறது. கப்பலின் விசிறியில் அடிபட்ட திமிங்கலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களைக் குழுவினர் கொக்கி போட்டுத் தளத்துக்கு இழுத்து அடித்துக் கொல்லும் காட்சியும் இருக்கிறது. கூஸ்தோ பிற்காலத்தில் கடலுக்காக உலகம் முழுக்கப் பேசியவர். அவர் பேசியதால் காப்பாற்றப்பட்டவை பல. அதனால் அந்தக் காட்சிகளை மறந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நெருங்குவதற்கு மனிதர் முதலில் கையில் எடுத்த வழி எது என்பதை அவை ஒளிக்காமல் காட்டுகின்றன.

இன்றைய ஆட்களிடம் வெடி இல்லை. முதுகில் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர், கையில் அலுமினிய ஹவுசிங்குக்குள் பூட்டிய கேமரா, அதன் இரு பக்கமும் நண்டுக் கால்களாக நீளும் ஸ்ட்ரோப் விளக்குகள். இறங்குவதற்கு முந்தைய இரவில் ஹவுசிங்கின் ரப்பர் வளையத்தை, ஓ-ரிங் என்பார்கள், கழற்றித் துடைத்து, சிலிக்கான் பசையைத் துளி தடவி, வெளிச்சத்தில் பிடித்து விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தலைமுடி அதில் ஒட்டியிருந்தால் போதும், அந்த வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். 10 மீட்டர் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஓ-ரிங்கைச் சுற்றிச் சுற்றி அது இடுக்கு தேடும். இந்த வேலையைச் செய்யும்போது யாரும் பேச மாட்டார்கள்.

கீழே போனபின் மூச்சுதான் எல்லாம். மூச்சை இழுத்தால் உடம்பு மேலே எழும்பும், விட்டால் தாழும். கேமராவை ஒரு சிறு மீனுக்கு நேராகப் பிடித்திருக்கும்போது நெஞ்சுக்கூட்டின் இந்த ஏற்ற இறக்கத்தை விரலளவுக்குக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் தவறாமல் எதையாவது பிடித்துக்கொள்வார், அல்லது முழங்காலை ஊன்றுவார். அந்த எதையாவது என்பது பெரும்பாலும் உயிருள்ள பவளம். கேமரா வைத்திருக்கும் டைவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பவளத்தின்மீது மோதுகிறார்கள் என்று கள ஆய்வுகள் சொல்வதில் வியப்பில்லை. கண் முழுதும் சிறு திரையில் இருக்கும்போது தன் காலின் துடுப்பு எங்கே இருக்கிறது என்பது மறந்துவிடும். மூச்சைப் பழகாமல் கேமராவைத் தொடக்கூடாது என்று சில பயிற்சியாளர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தமானின் சுவராஜ் தீவை ஒட்டிய பாறை ஒன்றின் சரிவில் நான் பார்த்த பேய்க்கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆக்டோபஸ் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். மீனவர் வாயில் அது பேய்க்கணவாய். கூட வந்த டைவ் மாஸ்டர் ராமநாதபுரத்திலிருந்து போய்த் தீவில் குடியேறிய குடும்பத்துப் பையன். முதலில் கண்டுபிடித்தது அவன்தான். பாறைப் பொந்தின் வாசலில் நண்டு ஓடுகளும் சிப்பி மூடிகளும் குப்பையாகக் கிடந்தன. ஆளிருக்கும் வீடு என்பதற்கு அது அடையாளம். பொந்துக்குள் பாறை நிறத்தில் பாறை போலவே ஒரு மேடு. மேட்டின் உச்சியில் ஒரு கண், படுக்கைவாக்கில் கீறிய கரிய பாவையுடன். உடல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தக் கீறல் தரைமட்டத்துக்கு இணையாகவே நிற்கும். கேமராவைத் தூக்காமல் மணலுக்குச் சற்று மேலே மிதந்தபடி அதன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் மூச்சு உண்டு: உடலின் பை விரிந்து நீரை உள்ளே வாங்கி, பக்கவாட்டிலுள்ள குழல் வழியாக வெளியே விடும். எங்களைக் கண்டவுடன் அந்தக் குழல் படபடத்தது. தோலில் முள் முள்ளாக எழும்பி நின்றது. நேரம் போகப் போகத் துடிப்பு தளர்ந்தது. முட்கள் ஒவ்வொன்றாக உள்வாங்கி, தோல் வழவழப்பானது. பழுப்பில் ஒரு வெளிர்மை பரவி மீண்டும் கலைந்தது. பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. நுனியால் ஓடுகளை இப்படியும் அப்படியும் தள்ளிவிட்டு, மெதுவாக நீண்டு, என் கேமராவின் வளைந்த கண்ணாடியைத் தொட்டது. உறிஞ்சிகள் இரண்டு மூன்று அதில் ஒட்டி, சுவைத்துப் பார்த்துவிட்டு விலகின. சுவைத்து என்பது உவமையாகச் சொன்னதில்லை. அதன் உறிஞ்சிகளில் வேதிப்பொருளை அறியும் உணர்வணுக்கள் உண்டு. தொடுவதும் ருசி பார்ப்பதும் அதற்கு ஒரே செயல்.

மேலே படகுக்கு வந்தபின் அவன் சொன்னான்: “அது உங்கள எப்பவோ பாத்துருச்சுண்ணா. நீங்க சும்மா இருந்தாப் போதும், மிச்சத்த அது பாத்துக்கும்.”

இந்த ‘சும்மா’ விலை கூடியது. சிலிண்டரில் இருக்கும் காற்று ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. ஆழம் கூடக் கூட அதுவும் குறையும். ஒரு பயணத்துக்குப் பணம் கட்டி வந்தவர், பட்டியலில் இருக்கும் உயிர்களை எல்லாம் படமாக்கிக்கொண்டு திரும்ப வேண்டும் என்று நினைக்கும்போது சும்மா இருப்பது எளிதில்லை. அங்கேதான் கை நீள்கிறது.

இந்தோனேசியாவின் லெம்பே நீரிணை இதற்குப் பேர்போன இடம். கருமணல் தரையில் சின்னஞ்சிறு விசித்திர உயிர்களைத் தேடிப் படமெடுக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் விரும்பித் தேடுபவற்றுள் ஒன்று குட்டைக் கடல்குதிரை. இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். கடல்விசிறிப் பவளத்தின் மொட்டுகளைப் போன்ற அதே முடிச்சுகளும் அதே நிறமும் கொண்டது. வளர்ந்தபின் வாழ்நாள் முழுதும் அந்த ஒரே விசிறியைவிட்டுப் போகாது. 1969இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான், காட்சியகத்துக்காக ஒரு கடல்விசிறியைச் சேகரித்து ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் அதில் ஒட்டியிருந்த கடல்குதிரைகள் கண்ணில் பட்டன. அதன்பின் வேறு குட்டைக் கடல்குதிரை இனங்கள் தெரியவந்ததில் படமெடுப்பவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. 2003இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு டெனிஸ் டாக்கெட் என்ற கடலடிப் புகைப்படக்காரரின் பெயரும், 2008இல் விவரிக்கப்பட்ட மற்றொன்றுக்கு ஹென்ஸ் போன்டோ என்ற இந்தோனேசிய டைவ் வழிகாட்டியின் பெயரும் சூட்டப்பட்டிருக்கின்றன. நீருக்குள் சிறியதைத் தேடிப் பழகிய கண்களுக்கு அறிவியல் கொடுத்த மரியாதை அது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

ஆனால் அதே கடல்குதிரை கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திரும்பிய முகத்துக்குப் பரிசு கிடைக்காது. அப்போது உலோகக் குச்சி ஒன்று அதன் வாலருகே போகும், விசிறி சற்று வளைக்கப்படும், குதிரை திரும்பும், ஸ்ட்ரோப் அடிக்கும். அடுத்த ஆள் வரிசையில் காத்திருப்பார். ஃபிளாஷ் ஒளி கடல்குதிரையின் கண்ணைக் குருடாக்கிவிடும் என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. மார்ட்டன் டி பிரவுவர் தலைமையிலான ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். ஃபிளாஷால் கண்ணில் சேதம் தெரியவில்லை; பக்கத்தில் மனிதர் இருப்பதால் ஏற்படும் கலக்கத்தைவிட ஃபிளாஷ் பெரிதாக எதையும் கூட்டவும் இல்லை. உயிரைத் தொட்டு நகர்த்துவதுதான் அதை அதிகமாக உலுக்கியது. நாம் வெளிச்சத்தைக் குற்றவாளியாக்கி விவாதித்துக்கொண்டிருந்தபோது கை தப்பித்துக்கொண்டது. சில இடங்களில் ஒரு கடல்குதிரைக்கு ஓர் ஆள் இத்தனை படம்தான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். குச்சியைப் படகிலேயே விட்டுவரச் சொல்வது அதைவிட நல்ல விதியாக இருக்கும்.

பழகிய கண்ணுக்கு இந்த வன்முறை படத்திலேயே தெரிந்துவிடும். முள்பேத்தை பந்தாக ஊதிக்கொண்டு நிற்கும் படம் பார்க்க அழகாக இருக்கும். தன்னை விழுங்க வருகிறார்கள் என்று அது நம்பிய கணம் அது. பகல் வெளிச்சத்தில், ஒதுங்க இடமில்லாத வெறும் மணலில், வெளிறிப்போய்க் கைகளை விரித்து ஓடும் பேய்க்கணவாய் பொந்திலிருந்து இழுக்கப்பட்டதோ என்று சந்தேகப்படலாம். ஓடில்லாத வண்ணக் கடல்நத்தைகளில் பல, குறிப்பிட்ட சில கடற்பஞ்சுகளையோ நீர்ப்பூக்களையோ மட்டும் தின்று வாழ்பவை. தனக்கு ஒரு பயனும் இல்லாத ஒன்றின் உச்சியில், பின்னணி நிறம் கச்சிதமாகப் பொருந்தும்படி ஒன்று உட்கார்ந்திருந்தால், அதை யார் தூக்கி வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். முக்கியமான போட்டிகள் இப்போது இப்படிப்பட்ட படங்களை விலக்குகின்றன. எடுத்த கோப்பை அப்படியே கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. என் விருப்பம் இன்னும் ஒன்று. படத்தின் கீழே லென்ஸ், துளை அளவு, ஷட்டர் வேகம் என்று எழுதுகிறோமே, அதே வரியில் எவ்வளவு தூரத்தில் எடுத்தது, எடுத்து முடித்தபின் அந்த உயிர் என்ன செய்தது என்பதையும் எழுதலாம். திரும்பத் தன் இரையைத் தேடப் போயிற்று என்று எழுத முடிந்தவர் மகிழ்ச்சியோடு எழுதுவார்.

லாங்லியின் கேள்விக்கு வருகிறேன். நீர் சூரிய ஒளியின் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுவிடுகிறது. சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே மங்கத் தொடங்கி 10 மீட்டரில் பெரும்பாலும் காணாமல் போகும். ஆரஞ்சு, மஞ்சள் அதன்பின். 20 மீட்டரில் விரலைக் கீறிக்கொண்டால் வரும் ரத்தம் பச்சை கலந்த கருமையாகத் தெரியும். பகலில் பாறை இடுக்குகளில் கூட்டமாக நிற்கும் பெரிய கண்ணுள்ள மீன்கள் உண்டு. சோல்ஜர் மீன் என்பார்கள். நேரில் அவை அந்த இருட்டில் இன்னோர் இருட்டு. ஸ்ட்ரோப் அடித்த படத்தில் பார்த்தால் செக்கச் சிவந்து எரிகின்றன. சிவப்பு எட்டாத இடத்தில் சிவப்புத் தோல் அணிவது, கரும்போர்வை போர்த்திக்கொள்வதற்குச் சமம். அந்த மீன் மறைவதற்காக வைத்திருந்ததை நம் விளக்கு அதன் முதல் அடையாளமாக்கிவிடுகிறது. பத்திரிகை அட்டைகளில் வரும் அந்தச் சிவப்பை, அந்த ஆழத்தில் பகல் வெளிச்சத்தில் வாழும் எந்த உயிரும் அப்படிப் பார்த்ததில்லை. பேய்க்கணவாயின் கதை இதைவிட ஆழமானது. தோலில் இத்தனை நிறங்களை வரவழைக்கும் அதன் கண்ணில் இருப்பது ஒரே வகை ஒளியுணர் நிறமி. நமக்கு உள்ளதுபோல நிறங்களைப் பிரித்தறியும் ஏற்பாடு அதற்கு இல்லை.

அப்படியானால் அந்தப் படங்கள் பொய்யா? பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சிவப்பு மீனின் தோலில் இருக்கிறது. ஒளி இல்லாததால் அது தோன்றவில்லை, அவ்வளவுதான். 2008இல் நிக்கோ மிஷியல்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும், பல பவளப்பாறை மீன்கள் மேலிருந்து வரும் நீல ஒளியை வாங்கிச் சிவப்பாக உமிழ்கின்றன என்று காட்டினார்கள். சிவப்பில்லாத ஆழத்தில் தாமே சிவப்பை உண்டாக்கிக்கொள்ளும் உயிர்கள்! கடலடியின் நிறம் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம் என்பதற்கு இது போதும். 2019இல் தெர்யா அக்காயனாக், தாலி ட்ரெய்பிட்ஸ் இருவரும் படத்திலிருந்து நீரின் விளைவைக் கணக்கிட்டு நீக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். கடலை வடித்துவிட்டுப் பவளப்பாறையைக் கரையில் வைத்துப் பார்ப்பதற்கு ஒப்பான படம் கிடைக்கிறது. பவளங்களை எண்ணவும் அவற்றின் நலிவை ஆண்டுதோறும் அளக்கவும் அது பெரும் உதவி. இருந்தாலும் சுவரில் மாட்ட என்னைக் கேட்டால், ஸ்ட்ரோப்பை அணைத்துவிட்டு எடுத்த நீலப் படங்களைத்தான் எடுப்பேன். அவற்றில் உயிர் பாதியும் நீர் பாதியுமாக இருக்கும். எங்கே முடிகிறது என்று தெரியாத திருக்கையின் சிறகு அந்த இடத்தின் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

காத்திருப்பின் எல்லை எதுவரை போகலாம் என்பதற்குக் கடலடிப் புகைப்படக்காரர் லோரான் பலெஸ்தாவைச் சொல்வேன். பிரெஞ்சு பொலினீசியாவின் ஃபகராவா பவளத்தீவில், கடலும் காயலும் சந்திக்கும் தென் வாயிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை மாதப் பௌர்ணமியை ஒட்டி, ஆயிரக்கணக்கான களவா மீன்கள் இனப்பெருக்கத்துக்குக் கூடுகின்றன. அவற்றை வேட்டையாட நூற்றுக்கணக்கான சுறாக்களும் கூடுகின்றன. பலெஸ்தாவும் குழுவும் ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்ப அங்கே போனார்கள். குமிழி விடாமல் மூச்சை உள்ளேயே சுத்திகரித்துத் தரும் ரீபிரீதர் கருவிகளோடு இரவும் பகலும் இறங்கினார்கள். 2014இல் அவர் ஒரே மூழ்கலில் 24 மணி நேரம் நீருக்குள்ளேயே இருந்தார். பெண்மீன் முட்டைகளை நீரில் தூவும் நொடியில் ஆண்மீன்கள் முண்டியடித்து மேலெழும் பால்நிற மேகம் ஒன்றின் படம் அப்படிக் கிடைத்தது. 2021இல் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர் பரிசு அதற்கு. அந்த மீன்கள் ஒன்றுகூட அவரைப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் படத்தின் பேரழகு. நெருங்கிய ஒருவரைப் பொருட்படுத்தாமல் ஓர் உயிர் தன் வேலையைப் பார்ப்பது, கடலடியில் மனிதருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த வரவேற்பு.

அழகுக்கு வெளியேயும் இந்தப் படங்களுக்கு வேலை இருக்கிறது. திமிங்கலச் சுறாவின் முதுகிலும் விலாவிலும் வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஒன்றின் அமைப்பு இன்னொன்றுக்கு வராது, ஆண்டுகள் கடந்தும் மாறாது. செவுள் பிளவுகளுக்குப் பின்னாலுள்ள இடது விலாவைப் படமெடுத்தால் அந்த மீனை மறுபடி அடையாளம் காணலாம். ஆனால் ஆயிரக்கணக்கான படங்களை யார் ஒப்பிடுவது? 1986இல் வானியலாளர் எட்வர்ட் குரோத், வான்படங்களில் நட்சத்திரப் புள்ளிகளை மும்மூன்றாக முக்கோணங்களாக்கிப் பொருத்திப் பார்க்கும் கணக்குமுறை ஒன்றை உருவாக்கியிருந்தார். கணினி வல்லுநர் ஜேசன் ஹோம்பெர்க், வானியற்பியலாளர் சவென் அர்சுமேனியன், ஆஸ்திரேலியக் கடலுயிரியலாளர் பிராட் நார்மன் மூவரும் அதையே திமிங்கலச் சுறாவின் புள்ளிகளுக்குப் பொருத்தி 2005இல் வெளியிட்டார்கள். இன்று எங்கோ ஒரு சுற்றுலாப்பயணி எடுத்த படம், அந்தச் சுறா முன்பு எந்தக் கடலில் எந்த ஆண்டு காணப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. பட்டை கட்ட வேண்டாம், ஊசி குத்த வேண்டாம், தொடவே வேண்டாம்.

இந்தியாவில் அதே சுறாவின் கதை கேமராவோடு வேறு விதமாகப் பிணைந்தது. குஜராத் கரையில் கல்லீரல் எண்ணெய்க்காகவும் இறைச்சி ஏற்றுமதிக்காகவும் அது கொக்கியிட்டுக் கொல்லப்பட்டதை மைக் பாண்டே 2000இல் ஆவணப்படமாக எடுத்தார். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா சேர்க்கப்பட்டதற்கு அந்தப் படம் முக்கியக் காரணம். சட்டத்துக்குப் பின்னால் கரையிலுள்ளவர்களின் மனம் மாற வேண்டுமே. ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அந்தச் சுறாவை, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று சொல்லி மீனவர்களிடம் பேசினார். வலையில் சிக்கியதை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு அரசு இழப்பீடு கொடுக்கிறது. விடுவித்ததற்குச் சான்றாக மீனவர்களே படமெடுக்க, கேமராக்களும் கொடுக்கப்பட்டன.

நம் பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கும் இப்படி ஒரு காலம் வந்திருக்கிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடல் ஆவுளியாக்களின் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்புல்லை மேயும் இந்தக் கூச்ச விலங்கு வாழும் நீர் பெரும்பாலும் கலங்கல். ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நாட்களே அதிகம். எகிப்தின் அபு தப்பாப் விரிகுடாவில் நீர் தெளிவு. அங்கே ஓர் ஆவுளியா மூச்சுவிட மேலே வந்தால், சுற்றிலும் நீந்துகிறவர்களும் கேமராக்களும் மொய்த்துவிடுகிறார்கள். நம்முடையதைக் கலங்கல் காத்து நிற்கிறது. ஆகவே பாக் விரிகுடா ஆவுளியாவுக்குக் கூர்மையான கடலடிப் படம் என்று சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை. இருப்பவை ட்ரோன் மேலிருந்து எடுத்தவையும், வலையில் சிக்கியதை விடுவித்தபோது மீனவர்கள் படகிலிருந்து செல்போனில் எடுத்தவையும்தான். இந்தச் செல்போன் படங்களில் ஆட்டம் இருக்கும், குறுக்கே யாருடைய கையாவது வரும், பின்னணியில் “வலைய அறுத்து வுடுடா, அறுத்து வுடு” என்ற கத்தல் கேட்கும், விலங்கு ஒரு சாம்பல் முதுகாகத் தெரிந்து உடனே போய்விடும். நெருக்கம் எப்படிக் கிடைத்தது என்று எல்லாப் படங்களையும் கேட்கிற நான் இவற்றையும் கேட்கிறேன். தற்செயலாக, விலங்கின் துயரத்தால் கிடைத்தது; கிடைத்தவர் அதை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் யாராவது கடலுயிர்ப் படங்களுக்கு ஒரு கண்காட்சி வைப்பதானால், பவளப்பாறையின் பெரிய பளபளப்பான படங்களுக்குப் பக்கத்தில் இவற்றையும் அதே அளவில் அச்சிட்டு மாட்ட வேண்டும். எடுத்தவர் சம்மதித்தால் அவருடைய பெயரையும் ஊரையும், வலை எவ்வளவு அறுந்தது என்பதையும் கீழே எழுத வேண்டும்.